பார்த்ததைச் சொல்வோம்! கேட்டதை விசாரிப்போம்!



"அக்கா, தரைப்பாலத்து மேல தண்ணி போகுதா? ஆட்டோ போகுமா? யாராவது சொல்லுங்க, அவசரம்."

போன ஐப்பசி மாதம், அடைமழை நேரம். ராத்திரி எட்டு மணிக்கு நம் கூட்டமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரி இப்படிக் கேட்டார். அவருடைய மருமகளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. வாசலில் ஆட்டோ தயாராக நின்றது. பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். சுற்றிப் போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. பாலத்தின் மேல் வெள்ளம் புரண்டு ஓடும் போட்டோ. கூடவே, "பாலம் முழுகிப் போச்சு. யாரும் வராதீங்க!" என்ற வரி. ஆட்டோ சுற்று வழியில் திரும்பியது. மேடும் பள்ளமுமான ரோடு. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். ஆனாலும் அந்த இருபத்திரண்டு கிலோமீட்டரை அந்தக் குடும்பம் மறக்கவே மறக்காது.

மறுநாள்தான் உண்மை தெரிந்தது. அன்று ராத்திரி பாலத்து மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசி பஸ் கூட அந்த வழியாகத்தான் போனது. அந்தப் போட்டோ முந்தின வருஷத்து வெள்ளத்தில் எடுத்தது. அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. யாரோ அனுப்பினார்கள், இவரும் அனுப்பினார். அவ்வளவுதான்.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. பாலத்துக்குப் பக்கத்திலேயே டீக்கடை வைத்திருக்கும் அக்காவும் நம் குழு உறுப்பினர்தான். அந்தக் கேள்வியை அவர் பார்த்திருக்கிறார். கடை வாசலில் நின்றால் பாலம் தெரியும். "ஏங்க்கா நீங்க சொல்லலை?" என்று கேட்டோம். "படிச்சவங்க எல்லாம் எழுதுற இடத்துல, எனக்குத் தப்பில்லாம எழுத வராதே, நாம எதுக்கு நடுவுலன்னு விட்டுட்டேன் தங்கச்சி" என்றார்.

தெரியாதவர் பேசினார், தெரிந்தவர் பேசவில்லை. நம் குழுக்களில் இது இனி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன புதுப் பழக்கமா?

இல்லை சகோதரிகளே. வெளியூர் போனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்ன செய்வோம்? பக்கத்துக் கடையில், "அண்ணே, அம்மன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்போம். அந்த இடத்தைப் பற்றி அந்த இடத்துக்காரருக்குத்தான் தெரியும் என்பது நம் பாட்டி காலத்து அறிவு.

இன்று அதே கேள்வியைச் செல்போனில் கேட்கிறோம். ஒருவரிடம் கேட்காமல் நூறு பேரிடம் ஒரே நேரத்தில் கேட்கிறோம். யாருக்கு விடை தெரியும் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் பதில் சொல்வார். "ரேஷன் கடையில பருப்பு வந்துடுச்சா?", "சந்தையில இன்னைக்கு தக்காளி என்ன விலை போகுது?", "மாட்டு டாக்டர் வந்திருக்காரா?", "பேங்க்ல கூட்டமா?" இதெல்லாம் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் பற்றிய கேள்விகள். இதற்கான விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நேற்றைய விடை இன்றைக்கு உதவாது.

நம் சேமிப்பைப் போலத்தான் இதுவும். ஒவ்வொருவரும் போடுவது சிறிய தொகை. எல்லாம் சேர்ந்தால் ஒருவருடைய அவசரத்துக்குக் கடன் கொடுக்க முடிகிறது. அதுபோல ஒவ்வொருவருக்கும் தெரிந்தது தன் தெரு, தன் கடைவீதி. எல்லாம் சேர்ந்தால் ஒரு வட்டாரமே நம் கையில். ஆனால் சேமிப்பில் கள்ள நோட்டு கலந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் கவனம்.

சென்னை வெள்ளத்தில் நடந்தது

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையில் பெய்த பேய்மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடையாறு கரை புரண்டது. பல பகுதிகளில் கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்த மண்டபத்தில் தங்க இடம், எங்கே படகு கிடைக்கும் என்று அங்கங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் பேஸ்புக்கிலும், வாட்ஸ்அப்பிலும், டுவிட்டரிலும் (இப்போது அதற்கு எக்ஸ் என்று பெயர்) கேள்வி கேட்டார்கள்; பதில் சொன்னார்கள். "என் அம்மா தனியாக இருக்கிறார், அந்தத் தெருப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?" என்று அமெரிக்காவிலிருந்து மகன் கேட்பார். பக்கத்துத் தெருக்காரர் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வார். "எங்கள் வீட்டு மாடியில் பத்துப் பேர் தங்கலாம்" என்று முன்பின் தெரியாதவர்கள் கதவைத் திறந்தார்கள்.

இன்னொரு நல்ல வேலையும் நடந்தது. 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று ஒரு பொது வரைபடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் தன் ஊர்த் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம். அதை வைத்துத் தன்னார்வலர்கள் ஒரு வெள்ள வரைபடம் தயாரித்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? வரைபடத்தில் அந்தத் தெருவைத் தொட்டால் போதும், குறிக்கப்பட்டுவிடும். ஒவ்வொருவரும் ஒரு தெருவைத் தொட, நகரத்தின் வெள்ள நிலவரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதானே!

ஆனால் அதே நாட்களில் வேறு விஷயங்களும் நடந்தன. உதவி கிடைத்து முடிந்த பிறகும் பழைய கோரிக்கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஏனென்றால் பல செய்திகளில் தேதியும் நேரமும் இல்லை. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்று ஒரு வதந்தி. ஒரு முதலை கூடத் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்களே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை இந்த வதந்தி எவ்வளவு பயமுறுத்தியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பட்டன் போன் போதாதா?

"எங்ககிட்ட பெரிய போன் இல்லையே" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில் 2007 டிசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு பெரிய கலவரம் மூண்டது. எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. 2008 ஜனவரியில் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். மக்கள் தாங்கள் பார்த்ததைச் சாதாரண எஸ்.எம்.எஸ். மூலமும் அனுப்பலாம். அது ஊர்வாரியாக வரைபடத்தில் ஏறும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உஷாஹிதி'. அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் அதற்குச் 'சாட்சியம்' என்று அர்த்தம்.

எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! இடத்தைப் பற்றி நாம் சொல்லும் பதில் வெறும் பேச்சு இல்லை, அது சாட்சி. கோர்ட்டில் சாட்சி சொல்பவரிடம் என்ன கேட்பார்கள்? "நீங்க நேர்ல பார்த்தீங்களா? எங்கே? எத்தனை மணிக்கு?" அந்த மூன்று கேள்விதான் நமக்கும்.

பத்து பலூன் கதை

கேட்கும் விதத்தில் கேட்டால் எவ்வளவு பெரிய நாட்டிலும் விடை கிடைக்கும் என்பதற்கு ஒரு சுவையான கதை சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று 2009 டிசம்பர் 5-ம் தேதி ஒரு போட்டி வைத்தது. எட்டு அடி அகலமுள்ள சிவப்பு பலூன்கள் பத்து. அமெரிக்காவின் பத்து வெவ்வேறு ஊர்களில் அவற்றைப் பறக்கவிட்டார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. பத்தும் எங்கே இருக்கின்றன என்று முதலில் கண்டுபிடிப்பவர்களுக்கு 40,000 டாலர் பரிசு.

ஒரு ஆள் ஓடித் தேடினால் ஆயுள் போதாது. எம்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு, இணையத்தின் மூலம் மக்களையே கேட்டது. ஒரு பலூனுக்கு 4,000 டாலர் என்று ஒதுக்கினார்கள். பலூனைப் பார்த்துச் சொன்னவருக்கு 2,000. அவரைச் சேர்த்துவிட்டவருக்கு 1,000. அவரைச் சேர்த்துவிட்டவருக்கு 500. இப்படியே பாதி பாதியாக. மிச்சம் தர்ம காரியத்துக்கு. ஆகவே பலூனைப் பார்க்க வாய்ப்பில்லாதவர் கூட, பார்க்கக்கூடியவரிடம் சேதி சொன்னார். ஒன்பது மணி நேரத்துக்குள் பத்து பலூனும் கிடைத்துவிட்டது!

(இங்கே ஒரு எச்சரிக்கை. "ஆள் சேர்த்தால் பணம்" என்றதும் நம் ஊரில் வரும் மோசடித் திட்டங்கள் நினைவுக்கு வரும். அந்தப் போட்டியில் யாரும் ஒரு பைசா கட்டவில்லை. கட்டச் சொன்னால் அது மோசடி. தயங்காமல் விலகிவிடுங்கள்.)

இந்தக் கதையில் நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. பொய்த் தகவல்களும் நிறைய வந்தன. பரிசுப் போட்டி அல்லவா! போலி போட்டோ கூட அனுப்பினார்கள். எம்.ஐ.டி. குழு எப்படிச் சலித்தது? ஒரே இடத்தை வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாகச் சொல்கிறார்களா என்று பார்த்தது. சொல்பவர் உண்மையில் அந்த ஊர்ப் பக்கம் இருக்கிறாரா, வேறு எங்கோ இருந்து சொல்கிறாரா என்று பார்த்தது. போட்டோவை உற்றுப் பார்த்தது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லையா? அதேதான்.

வழி கேட்டவருக்கு நேர்ந்த கதி

இனி சொல்வது கசப்பான விஷயம். சொல்லாமல் இருக்க முடியாது.

2018 மே மாதம். அப்போது பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்தது. வழி தெரியாமல் நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகப்பட்டுக் கூட்டம் கூடி அடித்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இறந்தே போனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

நம் அம்மா வயசு, சகோதரிகளே. நாமும்தான் வெளியூர்க் கோயிலுக்குப் போகிறோம், வழி கேட்கிறோம், பிள்ளைகளைப் பார்த்தால் மிட்டாய் கொடுக்கிறோம். அந்தச் செய்தியை அனுப்பிய ஒவ்வொருவரும், "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கட்டுமே" என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் பார்த்தது என்று ஒருவராவது திருப்பிக் கேட்டிருந்தால்?

அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போன பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-ல் இன்னும் இறுக்கியது. பல கை மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால், அனுப்பியவர் நேரில் பார்த்ததில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேட்கும்போது...

1. இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். "பாலம்" என்றால் எந்தப் பாலம்? ஊர்ப் பெயர், பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம் என்று அடையாளம் சேருங்கள்.

2. எப்போதைக்குத் தேவை என்று சொல்லுங்கள். "இப்ப எட்டு மணிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பழைய போட்டோ வராது.

3. யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். "பாலத்துக்குப் பக்கத்துல இருக்கறவங்க மட்டும் சொல்லுங்க." இந்த ஒரு வரி இருந்திருந்தால் நம் டீக்கடை அக்கா பேசியிருப்பார்.

4. விடை கிடைத்ததும், "பதில் கிடைச்சுது, நன்றி" என்று போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கேள்வி நாலு நாளைக்குச் சுற்றும்.

பதில் சொல்லும்போது...

1. நேரில் பார்த்திருந்தால், "நான் பார்த்தேன், இடம் இது, நேரம் இது" என்று சொல்லுங்கள்.

2. பிறர் சொல்லிக் கேட்டிருந்தால், "இன்னார் சொன்னாங்க, நான் பார்க்கலை" என்று சொல்லுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

3. தெரியாவிட்டால் சும்மா இருங்கள். தெரிந்திருந்தால் சும்மா இருக்காதீர்கள்!

4. எழுத வரவில்லையா? மைக் படத்தை அழுத்திப் பேசி அனுப்புங்கள். பட்டன் போன் என்றால் கேட்டவருக்கு ஒரு போன் போடுங்கள். எழுத்துப் பிழையால் யாருக்கும் கேடு வராது. பொய்யால்தான் வரும்.

5. நிலவரம் மாறினால் மறுபடி சொல்லுங்கள். எட்டு மணிக்குக் காய்ந்து கிடந்த பாலம் பத்து மணிக்கு முழுகலாம்.

நம் பாதுகாப்பும் முக்கியம்

நாம் நிற்கும் இடத்தை வரைபடத்தில் அனுப்பும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு. அதில் இரண்டு வகை. ஒன்று, இந்த நிமிடம் இருக்கும் இடத்தை மட்டும் காட்டும். இன்னொன்று, 15 நிமிடம், 1 மணி நேரம் அல்லது 8 மணி நேரத்துக்கு நாம் போகும் இடத்தையெல்லாம் காட்டிக்கொண்டே இருக்கும். ராத்திரி தனியாகப் பயணம் செய்யும்போது வீட்டாருக்கு இரண்டாவதை அனுப்பினால் நல்லது. ஆனால் முகம் தெரியாதவர்கள் இருக்கும் பெரிய குழுவில் அதைப் போடவே போடாதீர்கள். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

"நாங்க குடும்பத்தோட வெளியூர்ல இருக்கோம்" என்று ஊருக்கே சொல்வதும் வேண்டாம். பூட்டிய வீட்டுக்கு நாமே விலாசம் கொடுத்தது போல ஆகிவிடும். இன்னொரு பெண்ணின் போன் நம்பரையும் வீட்டு அடையாளத்தையும் அவரைக் கேட்காமல் பொதுக் குழுவில் போடக்கூடாது.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். குழுவில் கேட்பது அரசு உதவிக்கு மாற்று இல்லை. உயிர் ஆபத்து என்றால் முதலில் 108. போலீஸ், தீயணைப்பு என எந்த அவசரத்துக்கும் 112. பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மழை, வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இணைய வழியில் பணம் ஏமாந்தால் 1930. இந்த நம்பர்களைக் குழுவின் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

வரும் மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு செலவு முடிந்ததும் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் பொறுப்பெடுத்து நடத்தலாம்.

- நம் குழுவில் யார் வீடு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? பாலம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், துணை சுகாதார நிலையம், ஏரிக்கரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சகோதரியின் பெயரை எழுதுங்கள். அந்த இடத்துக்கு அவர்தான் நம் கண்.

- போன மாதம் நமக்கு வந்த ஃபார்வர்டு செய்திகளில் எத்தனை உண்மை? இரண்டு மூன்றை எடுத்து, "எங்கே, எப்போது, யார் பார்த்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

- "நேர்ல பார்க்காததைப் பார்த்த மாதிரி போட மாட்டோம்" என்று தீர்மானம் நிறைவேற்றி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

எங்கள் கூட்டமைப்பில் இந்தத் தீர்மானம் போட்டு நான்கு மாதம் ஆகிறது. இப்போது மழை தூறினால் போதும், யாரும் கேட்பதற்கு முன்பே டீக்கடை அக்காவின் குரல் வந்துவிடுகிறது: "மணி ஏழே கால். நான் பாலத்துல நின்னு பேசறேன். தண்ணி இல்லை. தைரியமா வாங்க தங்கச்சிங்களா!"

உங்கள் ஊர்ப் பாலத்தில் நிற்கும் சகோதரி யார்? இன்றே கண்டுபிடியுங்கள்!